பரவலாக்கப்பட்ட இணையமும் எங்கள் மாணவர்களின் ஆய்வுகளும்

சில வருடங்களுக்கு முன்னர் இறுதியாண்டு மாணவி ஒருவர் தனது ஆய்வு முன்மொழிவுடன் எனது அறைக்கு வந்தார். கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவர். போரில் தப்பிய குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான முறைப்பாட்டுப் பிரதிகள் என்பவற்றை ஒரே வழங்கியில் வைக்காமல் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் முறைமை ஒன்றை உருவாக்குவதே அவரது எண்ணம்.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். அவரது கிராமத்துக்கு ஒரு தொண்டு அமைப்பு வந்து வீடு வீடாக ஆவணங்களை ஸ்கான் செய்து எடுத்துச் சென்றதாம். "இனி இவை பத்திரமாக இருக்கும்" என்று சொன்னார்களாம். நிதி முடிந்ததும் அந்த இணையத்தளம் நின்றுவிட்டது. பிறகு வந்த வெள்ளத்தில் சில வீடுகளில் மூலப் பிரதிகளும் அழிந்துவிட்டன.

"சேர், அதுகள் இப்ப எங்கை இருக்கு எண்டு கேக்கிறதுக்கே ஆக்கள் இல்லை" என்றார்.

அந்த ஒரு வசனத்துக்காகவே அவரது ஆய்வை மேற்பார்வை செய்ய ஒப்புக்கொண்டேன். அதன் பின்னர் இதே துறையில் பல மாணவர் அணிகளுக்கு வழிகாட்டியிருக்கிறேன். பரவலாக்கப்பட்ட இணையச் சேவைகள் என்றால் என்ன, அவற்றால் எங்கள் மக்களுக்கு என்ன பயன், எங்கே ஆபத்து, மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பவற்றை இங்கு தொகுத்துத் தருகிறேன். கணினி படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், ஆவணங்களைப் பாதுகாக்க நினைக்கும் சமூக அமைப்புகளுக்கும் இது உதவக்கூடும்.

பரவலாக்கல் என்றால் என்ன?

எங்கள் மக்களிடம் பரவலாக்கல் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அதிகாரப் பரவலாக்கலும் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தமும் தான். முதல் வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒப்பீடு பாடத்துக்கு நன்றாகவே உதவுகிறது. கொடுத்த அதிகாரத்தை மத்தி நினைத்தால் மீளப் பெற முடியுமா என்ற கேள்வி இணையச் சேவைகளுக்கும் பொருந்தும்.

முகநூல், வட்ஸ்அப், கூகுள் படச் சேமிப்பு ஆகியவை மையப்படுத்தப்பட்ட சேவைகள். உலகின் பல இடங்களில் அவற்றுக்கு ஆயிரக்கணக்கான கணினிகள் இருக்கின்றன. ஆனால் முடிவெடுப்பது ஒரே நிறுவனம். 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி அந்த நிறுவனத்தின் வலையமைப்பு அமைப்பில் ஏற்பட்ட தவறு ஒன்றினால் முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் நின்றன. கணினிகள் பரந்திருந்தன, கட்டுப்பாடு பரந்திருக்கவில்லை.

இந்த வேறுபாடு புதியதல்ல. 1964 இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய போல் பாரன், அணுவாயுதத் தாக்குதலுக்குப் பின்னரும் இயங்கக்கூடிய தொடர்பாடல் வலையமைப்பைப் பற்றி எழுதினார். மையப்படுத்தப்பட்டது, பல மையங்களைக் கொண்டது, மையமே இல்லாமல் வலை போல் பின்னப்பட்டது என மூன்று வரைபடங்களை அவர் காட்டினார். ஒவ்வொரு முனையும் சில அயல் முனைகளுடன் இணைந்திருந்தால், பல முனைகள் அழிந்தாலும் மிச்சம் உள்ளவை பேசிக்கொள்ள முடியும் என்பதே அவரது வாதம். போரை நினைத்து எழுதப்பட்ட ஓர் ஆய்வு என்பதால் எங்கள் மாணவர்களுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.

மூன்று குடும்பங்கள்

இன்று இந்தப் பெயரில் வரும் சேவைகளை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக் கற்பிக்கிறேன்.

முதலாவது, கூட்டாட்சி முறை. மின்னஞ்சல் இதற்குப் பழைய உதாரணம். உங்கள் கணக்கு ஒரு நிறுவனத்திடமும் எனது கணக்கு இன்னொன்றிடமும் இருந்தாலும் நாம் கடிதம் அனுப்பிக்கொள்ளலாம். 2016 இல் ஜேர்மனியில் ஒய்கன் ரொக்கோ தொடங்கிய மஸ்ரடோன் சமூக வலைத்தளமும் இப்படித்தான் இயங்குகிறது. அது பயன்படுத்தும் அக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. விரும்பிய எவரும் தமது வழங்கியை நடத்தலாம். ஆனால் வழங்கியை நடத்துபவர் அதை மூடினால் அங்குள்ளவர்கள் இடம்பெயர வேண்டும். மஸ்ரடோனில் தனிப்பட்ட செய்திகளையும் வழங்கி நிர்வாகியால் பார்க்க முடியும். மாணவர்கள் பலர் இதை அறியாமலேயே "பாதுகாப்பானது" என்று முன்மொழிவில் எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது, சமமானோர் வலையமைப்பு. இங்கு ஒவ்வொரு கணினியும் கொடுப்பதும் வாங்குவதுமாக இருக்கும். 1999 இல் வந்த நப்ஸ்டரில் பாடல் கோப்புகள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. ஆனால் எந்தப் பாடல் எவரிடம் உள்ளது என்ற அட்டவணை நிறுவனத்தின் வழங்கியில் இருந்தது. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2001 இல் அந்த அட்டவணையுடன் சேவையும் நின்றது. அதே வருடம் பிராம் கோகன் வெளியிட்ட பிட்டொரன்ட் இன்னமும் இயங்குகிறது. அட்டவணையையும் பயனர்களிடையே பகிர்ந்து வைக்கும் முறைகள் 2001, 2002 காலத்தில் ஆய்வாளர்களால் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் 2002 இன் கடேம்லியா முக்கியமானது. பத்து இலட்சம் கணினிகள் இருந்தாலும் ஏறத்தாழ இருபது படிகளுக்குள் தேடும் பொருள் இருக்கும் இடத்தை அது கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, தொகுதிச் சங்கிலி எனப்படும் பிளொக்செயின். 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்கொயின் இதன் ஆரம்பம். ஒருவரையொருவர் நம்பாத பலர் ஒரே பதிவேட்டை வைத்திருக்க இது வழி செய்கிறது. முன்மொழிவுகளில் பாதிக்கு மேல் இந்தச் சொல்லுடனேயே வருகின்றன. பதிவேட்டில் எழுதுவோர் ஒருவரே என்றால் பிளொக்செயின் தேவையில்லை, சாதாரண தரவுத்தளம் போதும் என்று சொன்னால் மாணவர்களின் முகம் வாடிவிடுகிறது.

மாணவர் செயற்றிட்டங்களாகத் தொடங்கியவை

எங்கள் பிள்ளைகள் "இது எங்களால் முடியாது" என்று தயங்கும்போது இரண்டு கதைகளைச் சொல்வதுண்டு.

அயர்லாந்தைச் சேர்ந்த இயன் கிளார்க் 1999 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தனது இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, மையமில்லாத தகவல் சேமிப்பு முறைமை ஒன்றை வடிவமைத்தார். தணிக்கைக்கு அகப்படாமல் தகவலை வைத்திருப்பதே நோக்கம். அடுத்த வருடம் அது பிரீநெற் என்ற மென்பொருளாக வெளிவந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டின.

2010 இல் நியூயோர்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் முகநூலுக்கு மாற்றாக டயஸ்போரா என்ற பரவலாக்கப்பட்ட வலையமைப்பை அறிவித்தனர். பொதுமக்களிடம் 10,000 டொலர் கேட்டனர், கிடைத்தது ஏறத்தாழ 200,000 டொலர். புலம்பெயர்வைக் குறிக்கும் அந்தப் பெயரைக் கேட்டு எங்கள் மாணவர்கள் வியப்பார்கள். ஆனால் பணம் கிடைத்த அளவுக்குப் பயனர்கள் நிலைக்கவில்லை. 2012 இல் அவர்கள் மென்பொருளைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தனர். நண்பர்கள் எல்லோரும் வேறு இடத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியாக இடம்பெயர மாட்டார். தொழில்நுட்ப ஆய்வில் இந்தச் சமூகக் காரணத்தையும் ஒரு அத்தியாயமாக எழுதும்படி மாணவர்களிடம் கேட்கிறேன்.

தலைப்பைச் சிறிதாக்குதல்

மேற்பார்வையாளரின் முதல் வேலை தலைப்பை வெட்டுவது. "பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளம் உருவாக்கல்" என்று வரும் முன்மொழிவை இரண்டு அரையாண்டுகளில் எவராலும் முடிக்க முடியாது. அதை "4ஜி இணைப்பில் உள்ள வீட்டுக் கணினிகள் இரண்டு நேரடியாகத் தொடர்புகொள்ள எத்தனை தடவை முடிகிறது" என்று மாற்றினால் அது ஆய்வாகிவிடும். அளக்கலாம், தோற்கலாம், தோல்வியிலும் ஒரு விடை இருக்கும்.

இது சிறிய கேள்வி அல்ல. கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு ஊடாக வீட்டுக்கு வரும் இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழமை. அப்படியான வீட்டிலுள்ள கணினி வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து அதை நேரடியாக அழைக்க முடியாது. நடுவில் ஓர் இடைத்தரகர் கணினி தேவைப்படும். அந்த இடைத்தரகர் எங்கே இருக்கிறார், அவரை யார் நடத்துகிறார் என்று கேட்டால் மையம் மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

ஆகவே எல்லா மாணவர்களிடமும் நான்கு கேள்விகள் கேட்கிறேன். இந்தச் சேவையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது? தரவின் பிரதிகள் யார் யாரிடம் உள்ளன? ஒருவர் வெளியேறினால் தனது தரவைக் கொண்டுபோக முடியுமா? செலவை ஐந்து வருடங்களின் பின் யார் கட்டுவார்? இவற்றுக்கு ஒவ்வொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்த பின்னரே நிரல் எழுத அனுமதிப்பேன்.

"என்றென்றைக்கும்" என்ற தவறான நம்பிக்கை

கிளிநொச்சி மாணவி முதலில் தெரிவு செய்தது ஐபிஎஃப்எஸ் என்ற முறைமையை. 2015 இல் வெளிவந்த இது கோப்பை அது இருக்கும் இடத்தால் அழைக்காமல் அதன் உள்ளடக்கத்தால் அழைக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித முறையில் ஒரு நீண்ட அடையாளம் உருவாக்கப்படும். ஒரு எழுத்து மாறினாலும் அடையாளம் முழுதாக மாறிவிடும். ஆகவே அந்த அடையாளத்தைக் கொடுத்து எவரிடமிருந்து கோப்பைப் பெற்றாலும் அது திரிபடையாதது என்பதைச் சரிபார்க்கலாம். ஆவணப் பாதுகாப்புக்கு இது பெரிய வசதி.

ஆனால் அவரது முன்மொழிவில் "ஒருமுறை பதிவேற்றினால் என்றென்றைக்கும் அழியாது" என்று எழுதியிருந்தார். இணையத்தில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில், ஒரு கோப்பை வைத்திருப்பேன் என்று குறைந்தது ஒரு கணினியாவது தீர்மானித்து அதைப் பற்றி வைத்திருக்க வேண்டும். மற்றவர்களிடம் தற்காலிகமாக இருக்கும் பிரதிகள் இடம் போதாமல் போகும்போது துடைக்கப்பட்டுவிடும். பரிசோதனைக்காக இருபது கோப்புகளைப் போட்டுவிட்டு அவற்றை வைத்திருந்த கணினியை நிறுத்தும்படி சொன்னேன். சில நாட்களின் பின் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று அவர் மனம் சோர்ந்து போனார். ஆனால் அந்த ஆய்வின் மிக முக்கியமான பக்கம் அங்கேதான் எழுதப்பட்டது. எந்த முறைமையும் தானாகப் பாதுகாக்காது. யாரோ சிலர் பொறுப்பெடுக்க வேண்டும். அந்தச் சிலர் யார் என்பதை வடிவமைப்பதே வேலை.

அறுபது சதவீதக் கணக்கும் பாணந்துறைக் குரங்கும்

பின்னர் வந்த அணி ஒன்று இந்தப் பொறுப்பாளர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டது. ஒரு வீட்டுக் கணினி நாளில் 60 சதவீத நேரம் இணைப்பில் இருக்கும் என வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பிரதி என்றால் 100 தடவை கேட்டால் 60 தடவை கிடைக்கும். மூன்று வீடுகளில் பிரதி இருந்தால் குறைந்தது ஒன்றாவது இயங்கும் வாய்ப்பு 93.6 சதவீதம். ஐந்து வீடுகள் என்றால் ஏறத்தாழ 99 சதவீதம். மாணவர்கள் மகிழ்ச்சியுடன் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஐந்து கணினிகளையும் யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார் வீடுகளில் வைத்து அளக்கவும் தொடங்கினார்கள்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதே காரணம் என்று அமைச்சர் கூறியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். ஐந்து வீடுகளும் ஒரே நேரத்தில் இருண்டன. மடிக்கணினியில் மின்கலம் இருந்த வீட்டிலும் ரவுட்டருக்கு மின்சாரம் இல்லை. 99 சதவீதம் பூச்சியமாகிவிட்டது.

கணக்கில் பிழை இல்லை. ஒவ்வொரு வீடும் மற்றையதைச் சாராமல் நிற்கும் என்ற எடுகோளில்தான் பிழை. ஒரே மின்வலையமைப்பு, ஒரே இணைய நிறுவனம், ஒரே மாவட்டம், ஒரே வெள்ளம் என எங்கள் வீடுகள் ஒன்றாகவே விழுகின்றன. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட முடியாது. மாணவர்கள் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார்கள். ஐந்தாவது பிரதியை நாட்டுக்கு வெளியே உள்ள ஓர் உறவினரின் வீட்டுக்கு மாற்றினார்கள். ஒரு பிரதி வெளியே போனது, உள்ளூரில் ஐந்து பிரதிகளை மேலும் சேர்ப்பதைவிடப் பயன் தந்தது.

இதை எங்கள் அம்மம்மாக்கள் கணக்கில்லாமலே அறிந்திருந்தார்கள். எனது குடும்பப் படக் கோவை 2009 இல் வன்னியில் கைவிடப்பட்டது. இன்று எங்களிடம் இருக்கும் அம்மம்மாவின் ஒரே படம், எண்பதுகளில் சுவிஸ் போன மாமாவுக்குக் கடிதத்தோடு அனுப்பப்பட்ட பிரதி. 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. பிரதி உள்ள நூல்களைத் தேடி வாங்கலாம். சுவடிகளை அப்படி மீட்க முடியாது.

ஒரு தாயின் கேள்வி

கிளிநொச்சி மாணவியின் ஆய்வுக்கு வருகிறேன். பயனர் தேவைகளை அறிய அவர் சில குடும்பங்களுடன் பேசினார். நானும் ஒருமுறை கூடப் போயிருந்தேன். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து,

"தம்பி, பல இடத்திலை வைச்சால் அழியாது எண்டு சொல்லுறியள். நாளைக்கு நான் வேண்டாம் எண்டு சொன்னால் எடுக்கேலுமோ?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அழிக்க முடியாமை என்பதை நாங்கள் நன்மையாக மட்டுமே பார்த்திருந்தோம். ஒரு முறைப்பாட்டுப் பிரதியில் சாட்சியின் பெயர் இருக்கும். ஒரு படத்தில் இன்று வேறு வாழ்க்கை வாழும் ஒருவரின் முகம் இருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்தின் உள்ளேயே எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் பதிந்திருக்கக்கூடும். இவை கட்டுப்பாடில்லாமல் பரவினால் பாதுகாப்பு என்ற பெயரில் ஆபத்தைச் செய்தவர்களாவோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனது தரவை அழிக்கக் கோரும் உரிமை பற்றிப் பேசுகிறது.

இதன் பின்னர் வடிவமைப்பு மாறியது. கோப்புகள் வீட்டை விட்டு வெளியேறும் முன்னரே மறைகுறியாக்கப்பட வேண்டும். பிரதி வைத்திருப்பவரிடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டுமே. அந்தக் குடும்பம் வேண்டாம் என்றால் திறவுகோலை அழித்துவிடலாம். பெட்டிகள் எங்கெங்கோ இருந்தாலும் திறக்க முடியாது.

திறவுகோல் தொலைந்தால் என்ன செய்வது? இதற்கு 1979 இல் ஆதி ஷமீர் என்ற கணிதவியலாளர் முன்வைத்த முறை உதவியது. திறவுகோலை ஐந்து பங்குகளாக்கி, எந்த மூன்று பங்குகள் சேர்ந்தாலும் மீட்கலாம், இரண்டு பங்குகளால் ஒன்றுமே அறிய முடியாது என்று அமைக்கலாம். தாய், மகள், ஊரில் நம்பிக்கையான ஒருவர், கனடாவில் சகோதரன், கொழும்பில் ஒரு சட்டத்தரணி என ஐந்து பேரை அந்தக் குடும்பமே தெரிவு செய்யலாம்.

இதுவும் முழுமையான தீர்வு அல்ல. ஏற்கனவே திறந்து பார்த்துப் பிரதி எடுத்தவரிடமிருந்து மீளப் பெற முடியாது. திறவுகோற் பங்குகளை அழிக்க மூவர் மறுத்தால் அழித்தல் முழுமை பெறாது. இன்றைய மறைகுறியாக்கம் ஐம்பது வருடம் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அந்தத் தாயிடம் மறுபடியும் போய் இவற்றைச் சொல்லும்படி மாணவியை அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டு, காணி உறுதியை வைக்கலாம், முறைப்பாட்டுப் பிரதியை வைக்க வேண்டாம் என்றாராம். அந்த முடிவை மதிக்கும் முறைமையே சரியான முறைமை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கு அவசியம். ஓர் அணி, அடையாள அட்டை இலக்கங்களைக் கணித அடையாளமாக மாற்றிப் பொதுவெளியில் வைத்தால் எவருக்கும் தெரியாது என்று வாதிட்டது. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்கள். முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பவை. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே சாத்தியமான இலக்கங்கள் ஏறத்தாழ 73 கோடி மட்டுமே. சாதாரண மடிக்கணினியால் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அந்த அணியினரையே அதைச் செய்து பார்க்க வைத்தேன். தங்கள் சொந்த இலக்கங்கள் திரையில் வந்ததும் வாதம் முடிந்தது.

இணையம் முடக்கப்படும்போது

எங்கள் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி போராட்டங்களின்போதும் அது நடந்தது. அதற்கு முன்னர் 2007 இல் தமிழ்நெற் இணையத்தளம் உள்நாட்டில் தடுக்கப்பட்டது. 2024 பெப்ரவரி முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது.

ஆகவே "பரவலாக்கப்பட்ட சேவையை எவராலும் தடுக்க முடியாது" என்ற வசனம் ஒவ்வொரு வருடமும் ஒரு முன்மொழிவிலாவது வந்துவிடும். அது சரியல்ல. ஒரு மஸ்ரடோன் வழங்கியின் முகவரியை இணைய வழங்குநர் தடுக்கலாம். பல வழங்கிகள் இருப்பதால் எல்லாவற்றையும் தடுப்பது கடினமாகும், அவ்வளவுதான். இணைய இணைப்பையே முழுதாகத் துண்டித்தால் இவற்றில் பெரும்பாலானவை நின்றுவிடும். பிரையர் போன்ற செயலிகள் புளூரூத், வைபை மூலம் அருகிலுள்ள தொலைபேசிகளிடையே நேரடியாகச் செய்தி கடத்தும். ஆனால் வீதிக்கு அப்பால் செய்தி போக வேண்டுமென்றால் யாரோ தொலைபேசியுடன் நடந்து போக வேண்டும். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இது புதிதல்ல.

வெறுப்புப் பேச்சு பற்றியும் மாணவர்களை எழுத வைக்கிறேன். திகனவில் நடந்தது, மையத்தில் உள்ள நிறுவனம் உள்ளூர் மொழியில் பரவிய வெறுப்பைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. மையமே இல்லாவிட்டால் வெறுப்பை நீக்குவது யார் என்ற கேள்வி இன்னும் கடுமையாகிறது.

மேற்பார்வை செய்பவர்களுக்குச் சில குறிப்புகள்

பரிசோதனைக்கு ஒருபோதும் உண்மையான மக்களின் ஆவணங்களைப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். நாங்கள் மாணவர்கள் எடுத்த கோயில் தேர், கடற்கரை, பனைமரப் படங்களையே பயன்படுத்துகிறோம். கோப்பின் அளவுதான் அளவீட்டுக்குத் தேவை, அதன் துயரம் தேவையில்லை.

மக்களுடன் பேசப் போகும் முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும், எளிய தமிழில் எழுதிய சம்மதப் படிவமும் வேண்டும். போர் அனுபவம் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய தேவை கணினி ஆய்வில் இல்லை. "எந்த ஆவணத்தைப் பாதுகாக்க விரும்புகிறீர்கள்" என்பது போதும்.

விலை உயர்ந்த உபகரணம் தேவையில்லை. பழைய மடிக்கணினிகளும் சில ராஸ்பெரி பை பலகைகளும் ஆய்வுக்குப் போதும். இணையத் தரவின் செலவை முதலிலேயே கணக்கிட வேண்டும். ஓர் அணியின் மென்பொருள் எதுவும் செய்யாமல் இருக்கும்போதே மற்றக் கணினிகளுடன் ஓயாமல் பேசி ஒரு மாணவரின் மாதப் பொதியை முடித்துவிட்டது. அதன் பின்னர் "சும்மா இருக்கும்போது எவ்வளவு தரவு" என்பதையும் கட்டாய அளவீடாக்கினேன்.

வாய்மொழிப் பரீட்சையில் "உங்கள் முறைமை எப்போது தோற்கும்" என்று கேட்கிறேன். தோற்காது என்பவருக்குப் புள்ளி குறையும். தோல்வியை விபரித்து அதை எப்படிக் கண்டறிந்தார் என்று சொல்பவருக்குப் புள்ளி கூடும்.

வீட்டில் செய்யக்கூடியது

இதை வாசிக்கும் பலருக்கு ஆய்வு தேவையில்லை, ஆவணங்களைக் காப்பாற்றினால் போதும். உங்களுக்காக மூன்று விடயங்கள். முக்கிய ஆவணங்களை ஸ்கான் செய்து குறைந்தது மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்றாவது வேறு மாவட்டத்திலோ வேறு நாட்டிலோ இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ வருடப் பிறப்புக்கோ, எல்லாப் பிரதிகளும் திறக்கின்றனவா என்று பாருங்கள். பென்ட்ரைவ்கள் அலுமாரிக்குள்ளேயே பழுதாகிவிடும். மற்றவருடைய பெயரோ முகமோ உள்ளதைப் பொது இடத்தில் போடும் முன் அவரைக் கேளுங்கள். வீட்டுக் கணினிகளிடையே கோப்புகளைத் தானாக ஒத்திசைக்க சின்க்திங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நடுவில் கோப்புகளைச் சேமிக்கும் வழங்கி எதுவும் அதற்குத் தேவையில்லை. ஆனால் ஓரிடத்தில் தவறுதலாக அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும் என்பதால், ஒத்திசைக்காத பிரதி ஒன்றையும் தனியாக வைத்திருங்கள்.

அந்த மாணவி பட்டம் பெற்று இப்போது வேலை செய்கிறார். அவரது முறைமை முழுமையான சேவையாக வளரவில்லை. இறுதியாண்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் அவரது கிராமத்தில் பன்னிரண்டு குடும்பங்களின் காணி உறுதிகள் பூட்டிய பிரதிகளாக மூன்று நாடுகளில் இருக்கின்றன. திறவுகோற் பங்குகள் யார் யாரிடம் உள்ளன என்பது எனக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அதை வடிவமைத்தோம். கடந்த பொங்கலுக்கு மறுநாள் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "சேர், பன்னிரண்டும் திறந்து பாத்திட்டம். எல்லாம் சரி."